ஏழாம் தாளின் பின்பக்கம்

கட்டுரை முடிகிற இடத்துக்கு வந்தபோது தாள் தீர்ந்துபோயிற்று. ஆறு தாள் போதும் என்றுதான் பிரியந்தினி நினைத்திருந்தாள். நாலு தாள் பழைய கொப்பி ஒன்றின் நடுவிலிருந்து பிரித்தெடுத்தவை. இரண்டு பக்கமும் வெறுமை. மற்ற இரண்டும் நிவாரணப் படிவங்கள். பின்பக்கத்தில் மட்டுந்தான் எழுதலாம். வன்னிக்குள் கொப்பி வருவது அருமையாகிவிட்ட பிறகு முள்ளியவளை மாலை வகுப்பில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. முன்பே ஏதும் எழுதியிருக்கிற பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். வாசிப்பவர் தாளைத் திருப்பிப் பார்ப்பார். கோடு இருந்தால் அடுத்த தாளுக்குப் போவார், இல்லாவிட்டால் தொடர்ந்து வாசிப்பார். பிரியந்தினி பேனையைத் திறப்பதற்கு முன்பே அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்துவிடுகிறவள். கோணலாகப் போனால் அன்றைக்கு முழுக்க அது கண்ணில் குத்திக்கொண்டிருக்கும்.

தலைப்பு யோகலிங்கம் மாஸ்டர் கொடுத்தது: ‘மேற்குலகுக்கும் இஸ்லாமிய உலகுக்கும் இடையிலான முரண்பாட்டின் வேர்கள்.’ உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் தரம், மூன்றாம் தரம் இருக்கப்போகிற பதினொரு பேருக்கு அவர் செவ்வாயும் வியாழனும் பின்னேரங்களில், கூட்டுறவுச் சங்கக் கடையின் பழைய களஞ்சிய அறையில் அரசியல் படிப்பித்தார். பற்றரி கிடையாது. அதனால் றொனால்டின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, யாராவது மிதிகட்டையைக் கையால் சுழற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்குக் கம்பி போகும். நியூயோர்க்கில் கட்டடங்கள் விழுந்த செய்தியை அப்படித்தான் கேட்டார்கள். எந்த ரக விமானம் என்று றொனால்ட் கேட்டான். பயணிகள் விமானம் என்றார் மாஸ்டர். குண்டு எத்தனை போட்டது என்று அவன் கேட்டான். குண்டு இல்லை, விமானமேதான் போய் மோதியது என்றதும் நம்பாமல் தலையை ஆட்டினான். வானத்தில் ஒரு இரைச்சல் கேட்டால் அது குண்டு போடுகிற கிபிரா, வெறும் வேவு விமானமா என்று பால்குடிக் குழந்தையைத் தவிர எல்லோரும் சொல்லக்கூடிய ஊர் அது. அந்த ஊரில் அந்தச் செய்திக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. மிதிகட்டை சுழற்றுகிறவர்கள் ஆள் மாறினார்கள். ஒக்ரோபரில் ஆப்கானிஸ்தானில் குண்டு விழத் தொடங்கிய கிழமையில் மாஸ்டர் கரும்பலகையில் தலைப்பை எழுதினார். எழுதி முடித்துத் திரும்பியபோது றொனால்ட் கையை உயர்த்தினான்.

“கிபிர் இஸ்ரேலில செய்தது ஸேர். அப்ப நாங்கள் இதில எந்தப் பக்கம்?”

“முதல்ல காரணங்களை எழுதுங்கோ. பக்கத்தைப் பிறகு பாப்பம்.”

பிரியந்தினி காரணங்களை எழுதினாள். தொலைக் காரணங்கள், அண்மைக் காரணங்கள், உடனடிக் காரணம் என்று மூன்று தலைப்பு. சிலுவைப் போர்கள். முதலாம் உலகப் போருக்குப் பிறகு துருக்கியரிடமிருந்து பறிபோன நிலங்களை வேறு நாட்டுக்காரர்கள் வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்தது. எண்ணெய். பலஸ்தீனம். வளைகுடாப் போரும் அதன்பின் திரும்பிப் போகாத படைகளும். கையில் இருந்தது அட்டை இல்லாத ஒரு சரித்திரப் புத்தகமும், வானொலியிலிருந்து அவள் குறித்துவைத்த குறிப்புகளுந்தான். எதையும் நிச்சயமாகச் சொல்ல அவளுக்குப் பயம். ஒவ்வொரு வசனத்தையும் ‘என்று கூறப்படுகிறது’, ‘என்று கருதலாம்’ என்று முடித்தாள். ஒரு காரணத்தை எழுதி முடித்ததும், இது காரணந்தானா, அல்லது காரணத்துக்குப் பிறகு வந்ததா என்று சந்தேகம் வரும். முழுக் கட்டுரையிலும் ஒரு முஸ்லிம் ஆளின் பெயர்கூட வரவில்லை என்பதை நாலாம் தாளில் கவனித்தாள். பரீட்சைக் கட்டுரைகளில் ஆட்களின் பெயர் வருவதில்லை என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அவள் அப்போது இருந்து எழுதிக்கொண்டிருந்த வீட்டை அயலில் இன்னமும் செய்னுலாப்தீன் வீடு என்றுதான் சொன்னார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் வடக்கிலிருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் இயக்கம் போகச் சொன்னபோது அந்தக் குடும்பமும் போயிற்று. பிரியந்தினியின் குடும்பம் அதே ஆண்டு ஆனியில், காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து, ஷெல்லுக்குப் பயந்து வெளிக்கிட்டது. இரண்டு குடும்பத்துக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஏழு இடம் மாறித் தொண்ணூற்றேழில் இங்கே வந்தபோது, பொறுப்பாக இருந்தவர்கள் இந்த வீட்டில் இருக்கலாம் என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். கூரையில் பாதிதான் இருந்தது. மீதியை அப்பா ஓலை கட்டி வேய்ந்தார். மழை பெய்தால் இப்போதும் ஒரு மூலை ஒழுகும். ஆனால் நாலு வருடமாக ஒரே முற்றத்தைக் கூட்டுவதால் அம்மா பத்மாசனியின் மூச்சிழுப்புக் குறைந்திருந்தது. எட்டாம் தரம் சட்டி பானை கட்ட என்னால் ஏலாது என்று அவள் சொல்லாத மாதம் இல்லை.

ஆவணிக் கடைசியில் அயல்வீட்டுத் தங்கம்மா கண் ஒப்பரேசனுக்குப் பயணப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஒரு கண்ணில் கட்டோடு கடிதம் ஒன்று கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் தற்செயலாகச் செய்னுலாப்தீனின் மனைவி பரீதாவைக் கண்டாளாம். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். அழக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததைத் தங்கம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். கடிதம் இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கந்தான் எழுத்து. புத்தளத்து முகாமுக்குத் திரும்பி எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதில் பரீதா கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த வீடு தங்களுடையது, அதில் இன்னார் இப்போது இருக்கிறார்கள் என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. ஒக்ரோபர் முடிவதற்குள் வேண்டும். காணி உள்ளவர்களைப் பதிகிற இடாப்பில் அவளுடைய பெயர் ஏற வேறு சாட்சி இல்லை.

அப்பா அதை நின்றபடியே வாசித்தார். மடித்துக் கூரையின் வளைமரத்துக்கும் ஓலைக்கும் இடையில் செருகினார். வீட்டில் விண்ணப்பம், முறைப்பாடு எல்லாம் எழுதுகிறவள் பிரியந்தினி என்பதால் அவளைப் பார்த்து, இதுக்கு ஒண்டும் எழுதத் தேவையில்லை என்றார். வீட்டுக்கு உரிமைக்காரர் வேறு என்று தன் கையாலே எழுதிக் கொடுத்தால், துண்டு தந்தவர்கள் நாளைக்கு அந்தத் துண்டைத் திருப்பிக் கேட்க எவ்வளவு நேரம் செல்லும் என்பது அவருடைய பயம். அது அநியாயமான பயம் என்று பிரியந்தினியால் சொல்ல முடியவில்லை. எழுதாமல் விடுவது சரி என்றும் சொல்ல முடியவில்லை. அவள் வளையைப் பார்க்காமல் நடமாடப் பழகிக்கொண்டாள். அது கஷ்டமாக இருக்கவில்லை. ஏழு வாரத்தில் கடிதம் இருந்த இடத்தில் ஒரு கடிதம் இருப்பதே மறந்துபோயிற்று.

கட்டுரைக்குத் தாள் முடிந்த திங்கட்கிழமை பின்னேரம், பொழுது மங்கிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க விளக்கு இன்னும் கொளுத்தவில்லை. பலஸ்தீனத்தைப் பற்றி நாலு வரி எழுதி முடித்தால் போதும். அம்மாவிடம் கேட்டாள். பத்மாசனி பாய்க்கு அடியிலிருந்து கடதாசிக் கட்டை எடுத்து, வெறும் பக்கம் மேலே தெரிந்த ஒரு தாளை உருவிக் கொடுத்தாள். நல்ல தாள், வெள்ளையாய் இருந்தது. பிரியந்தினி எழுதினாள். எழுதி, ஏழையும் ஊசி நூலால் ஒரு மூலையில் தைத்து, கிழமை முழுவதும் சுமந்த ஒன்றை இறக்கிவைத்ததுபோலக் கையை உதறினாள். அந்தத் தாளை அவள் திருப்பிப் பார்க்கவில்லை, கோடும் இழுக்கவில்லை.

எழுதியவர் தன் கட்டுரையைத் தானே வாசிக்கக்கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். குரலாலே குறையை மறைத்துவிடுவீர்கள் என்பார். செவ்வாய்க்கிழமை அவளுடைய கட்டுரை றொனால்டின் கைக்குப் போயிற்று. அவன் தீர்த்தக்கரைக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. மீன் ஏலம் கூறிப் பழகிய குரல். சிலுவைப் போரைக்கூட விலை கூறுகிறவன்போல வாசித்தான். முன்வாங்கிலிருந்த சிவனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கோடு போட்ட பக்கங்களைத் தாண்டித் தாண்டி ஏழாம் தாளுக்கு வந்தான்.

“அந்த மக்களில் பலர் ஐம்பத்து மூன்று வருடங்களாக முகாம்களில் வாழ்கின்றனர். பிள்ளைகள் முகாமில் பிறந்து, முகாமிலேயே கலியாணம் முடிக்கின்றனர். இந்தப் பிரச்சினை தீராதவரை மற்றவை தீரப்போவதில்லை என்று கருதலாம்.”

தாளைத் திருப்பினான். கோடு இல்லை. கையெழுத்து மாறியிருந்தது; கை உளைந்து தாயைக் கொண்டு எழுதுவித்திருப்பாள் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னான். அதே வேகத்தில் தொடர்ந்தான்.

“இங்கே ஓலைக் கொட்டில்தான். மாரி வந்தால் உப்பளத்துத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. நாலு தரம் இடம் மாற்றிவிட்டார்கள். இவரும் போன நோன்போடு மௌத்தாகிவிட்டார். மகளைக் கேட்டு வருகிறவர்கள், ஊரில் காணி பூமி இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். இருக்கிறது என்று சொன்னால் ஒருத்தரையொருத்தர் பார்க்கிறார்கள்.”

மாஸ்டர் கண்ணைத் திறக்காமல் மெல்லத் தலையசைத்தார். உதாரணம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பிரியந்தினியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இதை நான் எப்போது எழுதினேன் என்று மட்டும் யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை, எழுதியதை மறந்துபோவது அவளுக்குப் புதிதும் அல்ல.

“காணி உறுதி வெளியேறின அன்றைக்கே போயிற்று. அதனால்தான் கேட்கிறேன் அண்ணன். முள்ளியவளையில் எங்கள் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று ஒரு வரி…”

றொனால்டின் குரல் அந்த இடத்தில் தேய்ந்தது. ஆனால் நிற்கவில்லை. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று யாராவது கேட்பார்கள் என்பதுபோல, விலை கூறுகிற தொனியெல்லாம் போய், தனக்குத்தானே வாசிக்கிறவன்போல மிச்சத்தையும் வாசித்தான்.

“…எழுதிக் கையெழுத்து வைத்து ஒக்ரோபர் முடிவதற்குள் அனுப்புங்கள். வீட்டை விடச் சொல்லிக் கேட்கவில்லை. நீங்களும் ஓடிவந்த ஆட்கள்தான் என்று தங்கம்மா அக்கா சொன்னா. இப்படிக்கு, பரீதா.”

யாரும் திரும்பிப் பிரியந்தினியைப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குத் தெரிந்தது: பத்துப் பேரும் பார்க்காமல் இருக்கிறார்கள். சிவனேஸ்வரி கொப்பியின் விளிம்பைச் சீர்படுத்தினாள். வெட்கம் வரும் என்று பிரியந்தினி காத்திருந்தாள். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல உள்ளுக்குள் ஒரு இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

“முடிஞ்சுதோ?” என்று மாஸ்டர் கேட்டார்.

“முடிஞ்சுது ஸேர்.”

வழக்கமாக அவர் ஒவ்வொருவரையும் எழுப்பிக் குறை கேட்பார். அன்றைக்கும் கேட்டார். ஒருவருக்கும் குறை இருக்கவில்லை. தாள்களை வாங்கி, ஏழாவதைப் புரட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். முன்பக்கத்தில் பத்துக்கு ஏழு போட்டு அவளிடம் நீட்டினார்.

“பின்பக்கத்துக்கு மறுமொழி போட்டாச்சோ?”

“இல்லை ஸேர்.”

“இண்டைக்கு என்ன திகதி?”

“இருபத்துமூண்டு.”

அவர் துணியை எடுத்துக் கரும்பலகையைத் துடைத்தார். அதில் அன்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. துடைத்து முடித்து, மற்றக் கட்டுரைகளை வியாழக்கிழமை பார்ப்போம் என்றார்.

றொனால்ட் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு அவளோடு சந்திவரை வந்தான். தான் வேண்டுமென்று வாசிக்கவில்லை என்றான். தெரியும் என்றாள்.

“உண்மையாப் பலஸ்தீனம் எண்டுதான் நினைச்சனான். உப்பளம் எண்டேக்கையும் எனக்குத் தட்டேல்லை.”

“எனக்கும்தான். கேட்டுக்கொண்டிருக்கேக்கை பலஸ்தீனம் மாதிரித்தான் இருந்தது.”

“நான் அமெரிக்காக்காரனை ரெண்டு பேச்சுப் பேசுவமெண்டு வந்தனான். நீர் கொண்டுபோய்ப் புத்தளத்தில இறக்கிவிட்டிட்டீர்.” சிரிக்கப் பார்த்தான், சரிவரவில்லை. சைக்கிள் சங்கிலி கழன்றது. குந்தியிருந்து அதைப் பொருத்தியபடி, நிமிராமலே சொன்னான்: “எங்கட குசினியில ஒரு பெரிய செம்புக் கிடாரம் கிடக்குது. பள்ளிவாசல் கந்தூரிக்குச் சோறு காய்ச்சிற அளவு. அது ஆரின்ரையெண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை.”

பிரியந்தினி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள். மழை ஒழுகினபோது வளையிலிருந்ததை எடுத்து, காயவைத்துக் கட்டுக்குள் வைத்ததாகப் பத்மாசனி சொன்னாள். அது என்ன தாள் என்று தெரியாதா என்று கேட்டதற்கு, கண்ணாடி இல்லாமல் தனக்கு என்ன தெரியும் என்றாள். ஒரு பக்கம் வெறுமையாய்க் கிடந்தது, கொடுத்தேன் என்றாள். அப்படிச் சொல்லும்போது அடுப்பைத்தான் பார்த்தாள். அவள் எப்போதும் அடுப்பைப் பார்த்துத்தான் பேசுவாள் என்பதால், அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியவில்லை.

அப்பா தோட்டத்திலிருந்து வந்ததும் பிரியந்தினி நடந்ததை ஒழுங்காக, முதலில் நடந்ததை முதலில், சொன்னாள். அவர் கதிரையில் இருந்து கேட்டார். சத்தம் போடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் களைத்திருந்தார்.

“பதினொரு பேருக்கு முன்னாலையோ?”

“ஓம் அப்பா.”

“அப்ப ஊருக்கே தெரியும்.” கதிரையில் நிமிர்ந்து இருந்தார். “என்ர வீட்டில ஆமிக்காரன் பதினொரு வருசமா இருக்கிறான். என்ர கிணத்தில குளிக்கிறான். எனக்கு ஆர் ஒரு வரி எழுதித் தந்தவை?”

“நீங்கள் கேட்டனீங்களே அப்பா?”

“கேட்டாத் தருவானே?”

“அவா கேட்டிருக்கிறா.”

அவர் எழும்பிப் போய்ச் சாப்பாட்டுக்கு இருந்தார். சாப்பிட்டார். சாப்பிட்டு எழும்பும்போது, தபால் பை எப்போது வவுனியாவுக்குப் போகிறது என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். நாளைக்குப் பத்து மணிக்கு. அதை விட்டால் அடுத்த கிழமை, போய்ச் சேர மாதம் தாண்டிவிடும் என்றாள் பிரியந்தினி. அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

விடிந்ததும் அப்பா மண்வெட்டியோடு மிளகாய்ப் பாத்திக்குப் போனார். பிரியந்தினி கட்டுரையின் ஐந்தாம் தாளில், உபதலைப்பு முடிந்ததால் அடியில் எழுதாமல் விட்ட பகுதியை அடிமட்டம் வைத்துக் கிழித்தெடுத்தாள். ‘முள்ளியவளையில் காலஞ்சென்ற செய்னுலாப்தீன் அவர்களின் வீட்டில் 1997 ஆடி முதல் நானும் எனது குடும்பமும் இருக்கிறோம்’ என்று எழுதினாள். அடுத்த வசனத்துக்குத்தான் நேரம் எடுத்தது. ‘இவ்வீடு அவர்களுடையது என்று கூறப்படுகிறது’ என்று கை தானாக எழுதிவிட்டது. கடைசி இரண்டு சொல்லையும் வெட்டினாள். வெட்டியது அசிங்கமாக இருந்தது. வேறு தாள் இல்லை. கீழே புள்ளிக்கோடு போட்டு, அதன் அடியில் அப்பாவின் முழுப் பெயரையும் எழுதினாள். அவருடைய கையெழுத்தை அவளால் அச்சாகப் போட முடியும். நிவாரணக் கந்தோரில் பலதரம் போட்டிருக்கிறாள். பேனையை மூடி மேசையில் தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

ஒன்பது மணிக்கு மேல் அப்பா வந்தார். கிணற்றடியில் கால் கழுவுகிற சத்தம் கேட்டது, பிறகு கை கழுவுகிற சத்தம். வழக்கத்தைவிடக் கனநேரம் கழுவினார். உள்ளே வந்து மேசையடியில் நின்று, தாளைத் தொடாமல், குனிந்து வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். முழங்கையிலிருந்து ஒரு துளி வழிந்து தாளின் விளிம்புக்குக் கிட்ட மேசையில் விழுந்தது. அவர் சட்டென்று இரண்டு கைகளையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். குசினி வாசலில் பத்மாசனி வந்து நின்றாள். அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்திருக்கலாம், துடைக்கவில்லை. கண் பேனையில் இருக்க, விரல்களை விரித்து, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி, அவை தாமாகக் காயட்டும் என்பதுபோல நின்றார். நகங்களுக்குள் பாத்தி மண் இன்னும் கறுப்பாய் இருந்தது. சாணி மெழுகிய நிலத்தில் ஒவ்வொரு துளியும் விழுந்து, ஒரு சிறு கரும்புள்ளியாகி, மெல்ல மெல்ல வெளிறிக்கொண்டிருந்தது.